பண்டிலின் மலிவும் கீ மறுவிற்பனையின் மலிவும் ஒன்றுதானா?

கேள்வி, 11 ஜனவரி 2025

ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் 880 ரூபாய்க்கு விற்கும் ஒரு சிறு குழுவின் கேமை, கீ மறுவிற்பனைத் தளம் ஒன்றில் 190 ரூபாய்க்கு வாங்கினேன். கீ வேலை செய்தது, கேம் என் கணக்கில் சேர்ந்துவிட்டது. இதைக் கேட்ட நண்பர், "இதற்குத் திருட்டுப் பிரதியை இறக்கி ஆடியிருந்தால்கூட அந்தக் குழுவுக்கு நல்லதாக இருந்திருக்கும்" என்கிறார். காசு கொடுத்து வாங்கியவன் திருடியவனைவிட எப்படிக் கெட்டவன் ஆவான்? அதே நண்பர்தான் பத்து கேம்களைச் சில நூறு ரூபாய்க்குத் தரும் பண்டில்களை வாங்கிக் குவிக்கிறார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. தெரிந்தவர்கள் விளக்கவும்.

11 ஜனவரி 2025, இரவு

இரண்டும் ஒன்றல்ல. பண்டிலில் அந்த மலிவான விலைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர் கேமை உருவாக்கியவர். நீங்கள் வாங்கிய 190 ரூபாய் விலையை நிர்ணயித்தவர் யார் என்று உங்களுக்கும் தெரியாது, உருவாக்கியவருக்கும் தெரியாது. என் பதில் முழுவதும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

முதலில் கீ என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அது ஒரு குறியீடு, ஸ்டீம் கணக்கில் பதிவு செய்தால் கேம் அந்தக் கணக்கில் சேரும். ஸ்டீமில் கேம் வெளியிடும் ஒருவர், தனக்கு வேண்டிய அளவு கீகளைத் தரும்படி, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்திடம் கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அந்தக் கீகளை வெளியே விற்றால் வரும் பணத்தில் வால்வ் தன் வழக்கமான 30 சதவீதத்தை எடுத்துக்கொள்வதும் இல்லை. கீயில் வாங்கியவரின் பெயர் இருக்காது, விலை இருக்காது, எந்தக் கடையில் விற்றது என்பதும் இருக்காது. பெயர் எழுதாத சினிமா டிக்கெட்டைப் போல, யார் கையில் இருக்கிறதோ அவருடையது. ஒரு ஸ்டீம் கணக்கில் பதிவு செய்த பிறகுதான் அது ஓர் ஆளுடன் பிணைகிறது. அதற்கு முன் எத்தனை கை மாறினாலும் அதில் தடயம் இருக்காது.

மறுவிற்பனைத் தளத்தில் இருக்கும் ஒரு கீ அங்கே வந்து சேர்ந்த வழி நான்கில் ஒன்றாக இருக்கலாம்: யாரோ வாங்கிய பண்டிலில் மிஞ்சியது, விலை குறைவான நாட்டில் வாங்கியது, விமர்சகர் என்று சொல்லி இலவசமாகக் கேட்டு வாங்கியது, திருட்டுக் கடனட்டையில் வாங்கியது. தளத்தின் பக்கத்தில் இந்த நான்கும் ஒரே மாதிரிதான் தெரியும். வாங்குபவரால் பிரித்துப் பார்க்க இயலாது.

12 ஜனவரி 2025

நேற்று எழுதியது புத்தகப் பாடம் போல இருக்கிறது என்று ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். என் அனுபவத்தையே எழுதுகிறேன்.

நானும் நண்பர் ஒருவரும் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு ஒரு புதிர் கேமை உருவாக்கி ஸ்டீமில் வெளியிட்டோம். வெளியான மாதம் ஓரளவு விற்றது. பிறகு தள்ளுபடி நாள்களில் மட்டும் அசைந்தது. ஓராண்டுக்குப் பின் ஒரு பண்டில் நிறுவனம் எங்களை அணுகியது. பெயர் வேண்டாம், அவர்கள் ஒப்பந்தப்படி நேர்மையாகவே நடந்துகொண்டார்கள். ஒவ்வொரு பண்டில் விற்பனையிலும் எங்களுக்குக் கிடைக்கவிருந்த பங்கு சில ரூபாய்தான். இருந்தாலும் ஒப்புக்கொண்டோம். விற்பனை ஏறத்தாழ நின்றுவிட்ட ஒரு கேமுக்கு அந்தச் சில ரூபாயைப் பல ஆயிரம் பேரால் பெருக்கினால் கிடைப்பது, எங்கள் அடுத்த கேமின் இசைக்கும் மொழிபெயர்ப்புக்கும் போதுமானதாக இருந்தது. பிரேசிலிலிருந்தும் போலந்திலிருந்தும் வீரர்கள் எழுதினார்கள். அவர்களில் யாரும் முழு விலை கொடுத்து எங்களைத் தேடி வந்திருக்க மாட்டார்கள். ஆகவே பண்டில் எங்களுக்குக் கேடு செய்தது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

நாங்கள் எதிர்பாராதது அதற்குப் பிறகு நடந்தது. பண்டில் முடிந்த வாரத்திலேயே எங்கள் கேமின் கீகள் மறுவிற்பனைத் தளங்களில் தனித்தனியாக விற்பனைக்கு வந்தன. பண்டிலை வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அதில் ஒன்றோ இரண்டோ கேம்கள்தான் தேவை. மற்றவற்றின் கீகளைச் சிலர் விற்றார்கள். மொத்தமாகப் பண்டில்களை வாங்கிப் பிரித்து விற்பதையே தொழிலாகச் செய்பவர்களும் இருந்தார்கள். இரண்டு வாரம் மட்டும் நீடிக்கும் என்று நாங்கள் ஒப்புக்கொண்ட விலை, யாரும் கேட்காமலேயே நிரந்தர விலையாக மாறியது. அடுத்த கோடைக்காலத் தள்ளுபடியில் பாதி விலைக்குக் கொடுத்தபோது, எங்கள் ஸ்டீம் பக்கத்தின் விவாதப் பகுதியில் ஒருவர், "வேறு தளத்தில் இதைவிடப் பல மடங்கு மலிவாகக் கிடைக்கிறதே, ஏன் இங்கே வாங்க வேண்டும்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறு இல்லை. ஆனால் அந்தப் பதிவு மற்ற வீரர்களின் கண்ணில் பட்ட பிறகு எங்கள் தள்ளுபடிக்குப் பொருளே இல்லாமல் போயிற்று.

12 ஜனவரி 2025, சிறு சேர்க்கை

விமர்சனங்களைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று. 2016 செப்டம்பரிலிருந்து, கீ மூலம் கேமைப் பெற்றவர்கள் எழுதும் விமர்சனங்களை ஸ்டீம் மதிப்பெண் கணக்கில் சேர்ப்பதில்லை. இலவசக் கீகளைப் பரப்பிப் பாராட்டு சேர்த்தவர்களைத் தடுக்கவே இந்த விதி வந்தது. அந்தக் காரணம் நியாயமானதுதான். ஆனால் ஒரு கேமின் பக்கத்தில் மதிப்பீட்டு வரியே தோன்றுவதற்கு ஸ்டீமில் நேரடியாக வாங்கிய பத்துப் பேராவது விமர்சனம் எழுதியிருக்க வேண்டும். பண்டிலில் ஆயிரக்கணக்கானோர் ஆடி மகிழ்ந்தாலும் அந்தப் பத்துக்கு அவர்களால் ஒன்றைக்கூடச் சேர்க்க முடியாது. பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இரண்டு பேர் கொண்ட குழுவுக்கு இது பெரிய இழப்பு.

14 ஜனவரி 2025

"பண்டில் என்ற எண்ணமே சிறு குழுக்களைச் சுரண்டுவதற்காகப் பிறந்தது" என்று மேலே ஒருவர் எழுதியிருப்பதை மறுக்கிறேன். பண்டிலைத் தொடங்கியவர்களே சிறு குழுவினர்தான்.

2009 அக்டோபரில், வேர்ல்ட் ஆஃப் கூ கேமை உருவாக்கிய 2டி பாய் குழுவினர், கேம் வெளியாகி ஓராண்டு ஆனதைக் கொண்டாட, விரும்பிய விலையைக் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாங்கினார்கள். கொடுத்த தொகையின் சராசரி ஏறத்தாழ 2 டாலர். மிக அதிகம் பேர் கொடுத்த தொகை 1 சென்ட். அந்த 1 சென்ட்டைப் பார்த்து இது தோல்வி என்று சொல்பவர்கள் இருந்தார்கள். ஆனால் ஓராண்டு பழைய கேமுக்கு ஒரே வாரத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் வந்தது என்பதை அவர்கள் கவனிக்கவில்லை.

2010 மே மாதம் வுல்ஃபயர் கேம்ஸ் என்ற சிறு குழு முதல் ஹம்பிள் இண்டி பண்டிலை வெளியிட்டது. வேர்ல்ட் ஆஃப் கூ, அக்வேரியா, கிஷ், லுகாரு, பெனம்ப்ரா ஆகியவை அதில் இருந்தன. வாங்குபவர் தான் கொடுக்கும் தொகையில் எவ்வளவு உருவாக்கியவர்களுக்கு, எவ்வளவு அறக்கட்டளைகளுக்கு என்பதைத் தானே பிரித்துக்கொள்ளலாம். 12 லட்சம் டாலருக்கும் மேல் சேர்ந்தது. சராசரித் தொகை 9 டாலருக்குச் சற்று மேல் இருந்தது. 2012-இல் வந்த ஐந்தாவது தொகுப்பு 50 லட்சம் டாலரைத் தாண்டியது. தன் பணம் யாரிடம் போகிறது என்று கண்முன் தெரியும்போது மக்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்பதே இந்தக் கணக்குகளிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம். கீ மறுவிற்பனையில் இல்லாமல் போவதும் அதுவே.

அதே ஹம்பிளின் வரலாற்றில் இன்னொரு சம்பவமும் உண்டு. 2011 டிசம்பரில் ஸ்டீம் ஒரு பரிசுக் குலுக்கலை நடத்தியது. அதில் பல கணக்குகளுடன் நுழைவதற்காகச் சிலர் 1 சென்ட் கொடுத்து ஹம்பிள் பண்டில்களை மொத்த மொத்தமாக வாங்கினார்கள். கேம்கள் அவர்களுக்குத் தேவையே இல்லை, கீகள்தான் தேவைப்பட்டன. அதன் பிறகு ஸ்டீம் கீ வேண்டுமானால் குறைந்தது 1 டாலர் கொடுக்க வேண்டும் என்று ஹம்பிள் விதி மாற்றியது. கேமிலிருந்து கீ பிரிந்து தனிச் சரக்காக மாறக்கூடும் என்பது அன்றே வெளிப்பட்டுவிட்டது.

15 ஜனவரி 2025

திருட்டு அட்டை என்பது வெறும் புரளி என்கிறார் ஒருவர். நடைமுறையைச் சொல்கிறேன், பிறகு நிரூபணமான ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

ஒருவன் திருடிய கடனட்டை எண்ணை வைத்து, உருவாக்கியவரின் சொந்த இணையக் கடையில் பத்து இருபது கீகள் வாங்குகிறான். அவற்றை மறுவிற்பனைத் தளத்தில் மலிவாக விற்றுக் காசாக்குகிறான். அவனுக்கு அடக்க விலை இல்லை, ஆகவே எந்த விலையும் லாபம்தான். சில வாரங்களில் அட்டையின் உண்மையான சொந்தக்காரர் வங்கியில் புகார் செய்கிறார். வங்கி பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. இதுதான் சார்ஜ்பேக். விற்ற பணம் போவதோடு, ஒவ்வொரு சார்ஜ்பேக்குக்கும் தனியாக ஒரு கட்டணத்தையும் உருவாக்கியவர் கட்ட வேண்டும். மலிவான கேமாக இருந்தால் அந்தக் கட்டணமே கேமின் விலையை மிஞ்சிவிடும். எண்ணிக்கை கூடினால் பணப்பரிமாற்ற நிறுவனம் கடையையே முடக்கும் அபாயமும் உண்டு. கீயோ அதற்குள் எதுவும் அறியாத ஒருவரின் கணக்கில் பதிவாகியிருக்கும். நண்பர் சொன்னதன் பொருள் இதுதான்: திருட்டுப் பிரதியால் உருவாக்கியவருக்கு வரவு இல்லை, திருட்டு அட்டையில் வாங்கிய கீயால் அவருக்குச் செலவு வருகிறது.

இப்போது வழக்கு. ஃபேக்டோரியோ கேமை உருவாக்கிய வூப் சாஃப்ட்வேர், பிராக் நகரத்துக் குழு. தள்ளுபடியே கொடுப்பதில்லை என்ற கொள்கை உடையவர்கள். 2019-இல், போலந்தில் தொடங்கப்பட்ட ஜி2ஏ என்ற மறுவிற்பனைத் தளம், திருடப்பட்ட கீகள் தங்கள் தளத்தில் விற்றதாக நிரூபித்தால் சார்ஜ்பேக் இழப்பைப் போலப் பத்து மடங்கு தருவதாகச் சவால் விட்டது. வூப் 321 கீகளின் பட்டியலைக் கொடுத்தது. 2020 மே மாதம், அவற்றில் 198 கீகள் தங்கள் தளத்தில் விற்கப்பட்டவை என்று ஜி2ஏ ஒப்புக்கொண்டு 39,600 டாலர் கொடுத்தது. கீ ஒன்றுக்கு 200 டாலர், அதாவது 20 டாலர் விலையின் பத்து மடங்கு. அந்தக் கீகள் விற்றது 2016-இல். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, பழைய பதிவேடுகளைப் பத்திரமாக வைத்திருந்த, விடாப்பிடியான, நன்றாக விற்ற கேமை உடைய ஒரு குழுவால் மட்டுமே இதைச் சாதிக்க முடிந்தது. எங்களைப் போன்றவர்களிடம் அப்படிப்பட்ட பட்டியலே இருக்காது.

15 ஜனவரி 2025, பிற்பகல்

"திருடிய கீயை உருவாக்கியவரே ரத்து செய்துவிடலாமே?" என்ற கேள்விக்கு: செய்யலாம், செய்திருக்கிறார்கள். நேச்சுரல் செலக்ஷன் 2 கேமை உருவாக்கிய அன்னோன் வேர்ல்ட்ஸ் 2013-இல் அப்படி 1,300-க்கும் மேற்பட்ட கீகளை ரத்து செய்தது. 2015 ஜனவரியில் யூபிசாஃப்ட், ஃபார் கிரை 4 உள்ளிட்ட கேம்களின் கீகளை ரத்து செய்தபோது, பணம் கொடுத்து வாங்கிய வீரர்கள் கொதித்தெழுந்தார்கள். ஏற்கெனவே பதிவு செய்து ஆடத் தொடங்கியவர்களுக்கு அது திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய நிறுவனமே பின்வாங்கியது என்றால், நாற்பது விமர்சனங்கள் மட்டுமே உள்ள ஒரு கேமின் உருவாக்குநர், பத்து கோபக்கார விமர்சனங்களை எப்படித் தாங்குவார்? ரத்து செய்தால் பெயர் கெடும், செய்யாவிட்டால் திருடியவன் வென்றுவிடுவான். இரண்டிலும் இழப்பவர் ஒருவரே.

18 ஜனவரி 2025

மூன்று நாள் யோசித்த பிறகு, எதிர்த் தரப்பில் நியாயமானதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

2016 ஜூன் மாதம் டைனிபில்ட் என்ற வெளியீட்டு நிறுவனத்தின் தலைவர் அலெக்ஸ் நிச்சிபோர்ச்சிக், ஜி2ஏ தளத்தில் தங்கள் கேம்களின் கீகள் சுமார் 2 லட்சம் டாலருக்கு விற்றிருப்பதாகவும், அவற்றின் சில்லறை விலை ஏறத்தாழ 4.5 லட்சம் டாலர் என்றும் வெளியிட்டார். எல்லா இடத்திலும் அந்த 4.5 லட்சம் டாலர் "இழப்பு" என்றே எழுதப்பட்டது. நான் அதை ஏற்கவில்லை. 5 டாலருக்கு வாங்கியவர்களில் பாதிப் பேராவது 10 டாலருக்கு வாங்கியிருப்பார்கள் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்தக் கீகளில் ஒரு பகுதி பண்டில்களிலிருந்து வந்திருந்தால், உருவாக்கியவர்களுக்கு அவற்றுக்கான பங்கு, எவ்வளவு சிறியதாயினும், முன்பே போயிருக்கும். கீகளின் பட்டியலைக் கொடுங்கள் என்று ஜி2ஏ அப்போது கேட்டது. தன் கேம்களை விற்ற கடைகளை ஒவ்வொன்றாகச் சந்தேகித்துச் சரிபார்க்கும் வேலையை ஒரு சிறு நிறுவனம் ஏற்க வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு அந்த விவகாரத்தில் உறுத்துகிறது.

ஆகவே இழப்பை எண்ணிக்கையில் சொல்லும்போது மூன்றைத் தனித்தனியாகப் பார்க்கிறேன். முதலாவது, சார்ஜ்பேக்கும் அதன் கட்டணமும்: உறுதியான இழப்பு. இரண்டாவது, வேலை செய்யாத கீயுடன் வருபவர்களுக்குப் பதில் எழுதும் நேரம்: இதுவும் உறுதியானது, ஆனால் யாரும் கணக்கில் எழுதுவதில்லை. விற்ற தளம் கைவிட்ட பிறகு அவர்கள் எங்களிடம்தான் வருகிறார்கள், எங்களுக்கு ஒரு ரூபாயும் வராத விற்பனைக்கு நாங்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மூன்றாவது, விலையின் மேல் நம்பிக்கை போவது. இதை அளக்கவே முடியாது. எனக்கு மிகவும் வலித்தது மூன்றாவதுதான்.

19 ஜனவரி 2025

திருட்டுப் பிரதி பற்றி நண்பர் சொன்னதை அவர் சொந்தமாகச் சொல்லவில்லை. 2019 கோடையில், டிசெண்டர்ஸ் கேமை வெளியிட்ட நோ மோர் ரோபாட்ஸின் மைக் ரோஸ் இதை வெளிப்படையாக எழுதினார். தங்கள் கேமின் பெயரைக் கூகுளில் தேடினால் ஜி2ஏ விளம்பரம் மேலே வந்ததே அதற்குக் காரணம். வ்லாம்பியர் என்ற சிறு கேம் குழுவின் ரமி இஸ்மாயிலும் அதையே சொன்னார். அந்தச் சர்ச்சையில்தான் கீகளைத் தடுக்கும் ஒரு கருவியை உருவாக்கித் தருவதாக ஜி2ஏ அறிவித்தது. ஆனால் 100 உருவாக்குநர்களாவது முன்வர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. பெயர் கொடுத்தவர்கள் 19 பேர். "உருவாக்குநர்களுக்கே அக்கறை இல்லை" என்று இதைச் சிலர் வாசித்தார்கள். நான் அப்படி வாசிக்கவில்லை. தாங்கள் ஒருபோதும் சரக்குக் கொடுக்காத ஒரு சந்தையிடம் போய்த் தங்கள் கீகளை எல்லாம் பதிவு செய்து காவல் கேட்க வேண்டும் என்பது எந்த வணிகத்தில் ஏற்கத்தக்கது? 2020-இல் அந்தத் தளம், கேம் கீகளை விற்பவர்கள் பதிவு பெற்ற வணிகமாக இருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. பத்தாண்டு தாமதமானாலும் அது சரியான திசையில் ஓர் அடி என்றே கருதுகிறேன்.

23 ஜனவரி 2025

இதே தொழிலில் புதிதாக நுழையும் தமிழ் இளைஞர்கள் இதைப் படிக்கிறார்கள் என்று தெரிகிறது. அவர்களுக்காக மட்டும், விமர்சகர் கீ பற்றி.

கேம் வெளியாகும் வாரத்தில் உங்கள் மின்னஞ்சல் பெட்டி நிறையும். "எனக்கு யூடியூபில் இரண்டு லட்சம் பேர் இருக்கிறார்கள், எனக்கும் என் குழுவினருக்குமாக நான்கு கீகள் வேண்டும்" என்று எழுதுவார்கள். முதல் கேமின் மகிழ்ச்சியில் எல்லாருக்கும் கொடுக்கத் தோன்றும். அந்த யூடியூப் பக்கத்துக்கு நீங்களே போய், அங்கே கொடுத்துள்ள மின்னஞ்சல் முகவரியை எடுத்து, அந்த முகவரிக்கு மட்டும் பதில் எழுதுங்கள். ஓர் எழுத்து மாறிய போலி முகவரிகள் ஏராளம். ஒருவருக்கு ஒரு கீக்கு மேல் கொடுக்க வேண்டாம். ஸ்டீமில் கியூரேட்டர், அதாவது கேம்களைப் பரிந்துரைப்பவர், என்று சொல்லி வருபவருக்குக் கீயே அனுப்ப வேண்டாம். 2017 முதல் கியூரேட்டர் கனெக்ட் என்ற வசதி இருக்கிறது, அதன் வழியாக நேரடியாக அவர் கணக்குக்கே கேமைக் கொடுக்கலாம், அதை விற்க முடியாது. இதைச் சொன்னதும் பலர் பதிலே எழுதாமல் மறைந்துவிடுகிறார்கள். உண்மையான விமர்சகர் யாரும் இதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

கீகளைக் கேட்டுப் பெறும்போது ஒவ்வொரு நோக்கத்துக்கும் தனித்தனித் தொகுதியாகப் பெற்றுப் பெயரிட்டு வையுங்கள்: இந்தத் தொகுதி பத்திரிகைக்கு, இது இந்தப் பண்டிலுக்கு, இது எங்கள் கடைக்கு. பின்னாளில் ஒரு கீ தவறான இடத்தில் தென்பட்டால் எந்த வழியில் கசிந்தது என்று அப்போதுதான் தெரியும்.

24 ஜனவரி 2025

பண்டில் நிறுவனம் உருவாக்குநரை ஏமாற்றுமா என்று மேலே கேட்டவருக்குச் சுருக்கமாக: ஆம், பண்டில் நிறுவனமே பணம் தராமல் போவதும் நடக்கும். டெசுரா என்ற கேம் விற்பனைத் தளமும் இண்டி ராயல் பண்டிலும் வைத்திருந்த பேட் ஜூஜூ கேம்ஸ் 2015 ஜூனில் திவாலானபோது பல உருவாக்குநர்களுக்கு வர வேண்டிய பாக்கி வரவில்லை. ஒப்பந்தத்தில் எந்தத் தேதிக்குள் பணம் என்பதைப் பார்க்காமல் கீகளை அனுப்ப வேண்டாம்.

29 ஜனவரி 2025

"விலைக்கு வாங்கிய பொருளை விற்பது என் உரிமை" என்ற வாதத்துக்கு வருகிறேன். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஐரோப்பிய நீதிமன்றம் 2012-இல், பதிவிறக்கி வாங்கிய மென்பொருளின் உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. 2019-இல் பாரிஸ் நீதிமன்றம் ஒன்று ஸ்டீம் கேம்களுக்கும் அதைப் பொருத்தியது. 2022-இல் மேல்முறையீட்டில் அது மாற்றப்பட்டது. ஆடி முடித்த ஒரு கேமை இன்னொருவருக்கு விற்பவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஒருவர் விட்டால்தான் இன்னொருவர் பெறுவார். ஆனால் மறுவிற்பனைத் தளங்களில் நடப்பது அதுவல்ல. அங்கே விற்பவர் கேமை ஆடவில்லை, ஆடும் எண்ணமும் அவருக்கு இருந்ததில்லை. கொடுக்கப்பட்ட நோக்கத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கீ அது.

இதோடு நம்மை நேரடியாகத் தொடும் ஒன்றும் உண்டு. 2015 நவம்பரில் ஸ்டீம் இந்திய ரூபாயில் விலை வைக்கத் தொடங்கியது. அமெரிக்காவில் 20 டாலர் என்றால் இங்கே அதைவிடக் கணிசமாகக் குறைந்த தொகையை உருவாக்குநர் வைக்கலாம். மதுரையில் இருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் வெளிநாட்டுச் சிறு குழுவின் கேமை நேர்மையாக வாங்க முடிவது அதனால்தான். அந்த விலை, அந்த நாட்டில் மட்டும் செல்லும் என்ற நம்பிக்கையின்மேல் நிற்கிறது. மலிவான நாட்டுக் கீகள் எல்லை தாண்டிப் போகும் என்று உருவாக்குநருக்கு அச்சம் வந்தால், அவர் செய்யக்கூடிய எளிய செயல் மலிவான நாட்டின் விலையை உயர்த்துவது.

ஐரோப்பாவில் இந்தச் சிக்கல் நீதிமன்றம் வரை போயிற்று. கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் மலிவாக விற்ற கீகள் மேற்கில் வேலை செய்யாதபடி பூட்டியதற்காக, 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் வால்வுக்கும் ஐந்து வெளியீட்டாளர்களுக்குமாகச் சேர்த்து 78 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. ஒரே சந்தை என்ற அவர்கள் சட்டப்படி அது சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் லாட்வியாவில் வாழும் ஒருவருக்கு அதனால் விலை குறைந்ததா, ஏறியதா என்பதுதான் என் கவலை. பூட்டவும் கூடாது, கசியவும் கூடாது என்றால் எங்கும் ஒரே விலை வைக்கத்தான் வழி இருக்கும். அப்படி ஒரு நாள் நமக்கும் வந்தால், இந்த விவாதத்தில் கேட்கப்பட்ட 880 ரூபாய் மிகவும் மலிவான விலையாகத் தோன்றும்.

2 பிப்ரவரி 2025

"எல்லாக் குற்றமும் மறுவிற்பனையாளர் மேலேயா? உருவாக்குநர்கள் யோக்கியமா?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. 2015, 2016 காலத்தில் அடிமட்டப் பண்டில்களில் கேம் என்ற பெயரில் வந்தவற்றில் பல, ஸ்டீம் டிரேடிங் கார்டுக்காகவே, அதாவது கேமை ஓடவிட்டால் கிடைக்கும், விற்கக்கூடிய மெய்நிகர் அட்டைகளுக்காகவே செய்யப்பட்டவை. கீகளை ஆயிரக்கணக்கில் இலவசமாக எடுத்து, தானியங்கிக் கணக்குகளில் கேமை ஓடவிட்டு, கிடைக்கும் கார்டுகளைச் சில சென்ட்டுக்கு விற்பதே அவர்களது வணிகம். 2017-இல் வால்வ் கார்டு விதிகளை மாற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டில், விற்பனைக்குப் பொருந்தாத அளவில் கீ கேட்பவர்களுக்கு மறுக்கவும் தொடங்கியது. அதனால் நேர்மையான சிறு குழுக்களும் பண்டிலுக்குக் கீ கேட்கும்போது காரணம் சொல்ல வேண்டிய நிலை வந்தது. எங்களுக்கும் முதல் முறை மறுப்பு வந்தது, ஒப்பந்தத்தைக் காட்டிய பிறகு கிடைத்தது. சிரமம்தான். ஆனாலும் அந்தக் கட்டுப்பாட்டை ஆதரிக்கிறேன். கீ அச்சடிக்கச் செலவில்லை என்பதால் அதற்கு மதிப்பில்லை என்ற எண்ணத்தை உருவாக்குநர்களே வளர்த்தார்கள்.

6 பிப்ரவரி 2025

சிக்கல் மலிவில் இல்லை, அந்த விலைக்கு ஒப்புக்கொண்டவர் யார் என்பதில்தான் என்று முதல் நாள் நான் சொன்னதற்கு ஆதாரம் கேட்டவருக்கு என்னிடம் உள்ள மிகச் சிறந்த சான்று, சிறு குழுக்களின் கேம்களை விற்கும் இட்ச்.ஐஓ தளம். 2020 ஜூனில் அமெரிக்காவில் நடந்த இன நீதிப் போராட்டங்களை ஒட்டி அந்தத் தளம் ஒரு தொகுப்பை வெளியிட்டது. குறைந்த விலை 5 டாலர். முடிவில் அதில் 1,700-க்கும் மேற்பட்ட படைப்புகள் இருந்தன. 80 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது, முழுவதும் அறக்கொடை. படைப்புகளைக் கொடுத்தவர்கள் ஒரு ரூபாயும் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்தவரை அதைவிட மலிவான பண்டில் இருந்ததில்லை. அந்தத் தொகுப்பு வாங்கியவர் தளத்தின் பக்கத்திலிருந்து நேரடியாகப் பதிவிறக்கிக்கொள்வதாக இருந்தது. கையில் எடுத்துப் போய் வேறிடத்தில் விற்கக்கூடிய ஒன்றாக அது இல்லை. ஆகவே அத்தனை மலிவாக இருந்தும், அதிலிருந்து ஒரு மறுவிற்பனைச் சந்தை முளைக்கவில்லை. மலிவு மட்டுமே சிக்கல் என்றால் இங்கேதான் எல்லாமே சரிந்திருக்க வேண்டும்.

9 பிப்ரவரி 2025

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "வாங்கியாயிற்று, இப்போது என்ன செய்வது?" என்கிறார்.

அந்தக் கீ எங்கிருந்து வந்தது என்று உங்களால் கண்டுபிடிக்க இயலாது, ஆகவே அதைத் தேட வேண்டாம். கேம் பிடித்திருந்தால் ஸ்டீமில் விமர்சனம் எழுதுங்கள். மதிப்பெண்ணில் சேராவிட்டாலும் அதைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள், உருவாக்கியவர் நிச்சயம் படிப்பார். அவர்களது அடுத்த கேமை விருப்பப் பட்டியலில் சேருங்கள். தள்ளுபடி வந்தால் ஸ்டீமே உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும். ஆண்டுக்கு நான்கு பருவகாலத் தள்ளுபடிகள் இருக்கின்றன. 880 ரூபாய் கேம் ஓராண்டுக்குள் பாதிக்கு வருவது வழக்கம்தான். வெளித்தளத்தில் வாங்க நினைத்தால், கேமின் சொந்த இணையப் பக்கத்தில் எந்தக் கடைகளுக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஹம்பிள், ஃபேனடிக்கல் போன்ற கடைகள் உருவாக்குநர்களுடனோ வெளியீட்டாளர்களுடனோ ஒப்பந்தம் செய்து அவர்களிடமிருந்தே கீ பெறுகின்றன. ஒரே கேமைப் பல விற்பனையாளர்கள் பல விலைக்கு வரிசையாகக் காட்டும் பக்கமாக இருந்தால் அது மறுவிற்பனைச் சந்தை.

எங்கள் இரண்டாவது கேம் இந்த ஆண்டு வருகிறது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு எந்தப் பண்டிலுக்கும் கீ கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அதன் பிறகு நல்ல பண்டில் ஒன்று கேட்டால் மகிழ்ச்சியுடன் கொடுப்போம்.

9 பிப்ரவரி 2025, சேர்க்கை

கேமின் பெயரைக் கேட்பவர்களுக்கு: இந்த விவாதத்தை விளம்பரமாக்க விரும்பவில்லை, ஆகவே இங்கே எழுத மாட்டேன். கீ தொகுதிகளைப் பெயரிட்டு வைப்பது எப்படி என்று கேட்ட மூவருக்கும் தனிச் செய்தியில் படங்களுடன் அனுப்பியிருக்கிறேன். வேறு யாருக்காவது வேண்டுமானால் கீழே எழுதுங்கள்.